நாலாவது கேள்வி

அந்தக் கேள்வியை எழுதிக் கொடுத்தவளே ஊர்மிளா டீச்சர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கு யாரைக் குறை சொல்வது என்று யாரும் தேடிக்கொண்டு அலைய வேண்டாம்.

2016 பிப்ரவரியில் ஃபிஜியைப் பெரும்புயல் அடித்துப் போட்டது. தவுவா பக்கத்தில் கரும்பு மொத்தமும் தரையோடு படுத்துவிட்டது. கூரைத் தகரங்கள் யார் யார் வயலிலோ போய் விழுந்தன. ஆக்லாந்தில் குடியேறியிருந்த ஃபிஜிக்காரர்கள் கோயில் கூடத்தில் கூடிப் பேசினார்கள். இருபத்தாறு வீட்டுக்குத் தகரம் வாங்கிக் கப்பலில் அனுப்புவது, ஏப்ரல் பள்ளி விடுமுறையில் பதினான்கு பேர் நேரில் போய்க் கூரை போட்டுக் கொடுப்பது என்று முடிவானது. யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சு வந்தபோதுதான் ஊர்மிளா எழுந்து நின்றாள். ஐம்பத்து நாலு வயது, ஒல்லி உடம்பு, கூட்டத்தில் பேசக் கூச்சப்படாதவள்.

எங்கள் ஊர் ஜனங்களை எனக்குத் தெரியும் என்று ஆரம்பித்தாள். ஆளே இல்லாத வீட்டுக்கெல்லாம் தகரம் கேட்டு வரிசையில் நிற்பார்கள், சிட்னியில் சௌக்கியமாக உட்கார்ந்திருப்பவனுக்காக மச்சான்காரன் வந்து கையெழுத்துப் போடுவான், ஏமாந்து போகாதீர்கள் என்றாள். அதற்கு அவளே ஒரு வழியும் வைத்திருந்தாள். நிலத்தின் குத்தகைப் பத்திரத்தை வாங்கிப் பார்க்க வேண்டும். அதில் யார் பெயர் இருக்கிறதோ அவர் அந்த வீட்டில் குடியிருந்தால் தகரம் உண்டு, இல்லாவிட்டால் கிடையாது. அதைப் படிவத்தில் நாலாவது கேள்வியாகச் சேர்த்துக்கொண்டார்கள். கைகூடத் தட்டினார்கள். வீட்டுக்கு வந்து கணவன் பிஜேந்திராவிடம் அதை மூன்று தடவை சொன்னாள். பாவம், ஆக்லாந்துக்கு வந்த பதினைந்து வருஷத்தில் அவள் பேச்சுக்கு நாலு பேர் கை தட்டியது அதுதான் முதல் முறை.

தவுவாவில் அவள் அப்படி இல்லை. அங்கே அவள் டீச்சர். சாலையில் நடந்தால் பஸ்காரன்கூட நிறுத்தி ஏற்றிக்கொள்வான். அப்பா ராமசாமி பத்து ஏக்கர் கரும்புக்காரர். நிலம் பூர்வகுடிகளுடையது, இந்தியர்கள் முப்பது வருஷக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைப்பார்கள். ராமசாமியின் குத்தகை 1999இல் முடிந்தது. அவர் அங்கே மரியாதைக்கு வைக்கும் யங்கோனா வேர்க்கட்டு ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு நிலக்காரர்களின் கிராமத்துக்குப் போய், பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வேரை முன்னால் வைத்துக் கேட்டார். அவர்கள் வேரை ஏற்றுக்கொண்டார்கள். நிலத்தைத் திரும்பக் கொடுத்தார்கள். சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பேருக்கு அந்த வருஷம் கிடைக்கவில்லை.

யார் பெயரில் எழுதுவது என்று வந்தபோது ராமசாமி ஒரு யோசனை செய்தார். 1987இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து விற்றுவிட்டு விமானம் ஏறுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் பயம். மகன் சிவன் பெயரில் எழுதினால் ஒரு நாள் அவனும் விற்றுவிட்டுப் போய்விடுவான். மகள் பெயரில் எழுதினால் மகன் விற்க முடியாது. மகளோ வாத்தியார் உத்தியோகத்தை விட்டு எங்கே போகப்போகிறாள். அப்படித்தான் பத்திரத்தில் ஊர்மிளாவின் பெயர் ஏறியது. மனுஷன் எல்லாவற்றையும் சரியாகத்தான் யோசித்தார், போகிற ஆளைத்தான் மாற்றி யோசித்துவிட்டார்.

அடுத்த வருஷமே மே மாதத்தில் இன்னொரு ஆட்சிக்கவிழ்ப்பு. நாடாளுமன்றத்துக்குள் ஆட்களைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். வெளியே கடைகள் எரிந்தன. ஊர்மிளாவின் பள்ளிக்கூடம் ஐந்து வாரம் மூடிக் கிடந்தது. பிஜேந்திரா அந்தக் கவலையில் இரவில் தூங்குவதை விட்டான். 2001இல் கணவனும் மனைவியும் இரண்டு பிள்ளைகளுமாக நியூசிலாந்துக்குப் புறப்பட்டார்கள். நாந்தி விமான நிலையத்தில் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு வருசம்தான் சிவா. இந்தக் கலாட்டா அடங்கட்டும், வந்துடுறேன். வந்து பத்திரத்த உன் பேருக்கு மாத்திடலாம்," என்றாள்.

"நீதான் வந்துடப்போறியேக்கா, அப்புறம் எதுக்கு மாத்தணும்," என்றான் சிவன்.

ஆக்லாந்தில் அவளுடைய வாத்தியார் சான்றிதழ் செல்லவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். சின்னப் பிள்ளைகளுக்குக் காலணி மாட்டிவிடுவது, சிந்திய பாலைத் துடைப்பது, ஒழுகும் மூக்கைத் துடைப்பது. குனிந்து தரையைத் துடைக்கும்போது, எனக்குப் பத்து ஏக்கர் நிலம் இருக்கிறது, நான் இங்கே சும்மா வந்திருக்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். நடுவில் இரண்டு முறை தவுவாவுக்கு வந்துபோனாள். இரண்டு முறையும் பத்திரப் பேச்சை எடுக்கவில்லை. சிவனும் கேட்கவில்லை. அவள் எடுக்காததில் கொஞ்சம் கள்ளத்தனம் இருந்தது, அதை மறைப்பானேன். பெயரை மாற்றிவிட்டால் துடைக்கிறவளாக மட்டும்தான் மிஞ்சுவோம் என்று பயந்தாள்.

ஏப்ரலில் நாந்தியில் இறங்கியதும் வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். எல்லாரும் ஒரே மாதிரி நீலச் சட்டை. முதுகில் தொண்டர் என்று அச்சடித்திருந்தது. தங்கல் தவுவாவுக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தில். முதல் நாள் சாயங்காலமே சிவன் சைக்கிளில் வந்துவிட்டான். தலை நரைத்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தான்.

"வூட்டுக்கு வாக்கா. உன் ரூம் ரெடியா கீது."

"எல்லாரோடயும்தான் தங்கணும் சிவா, அதான் ஏற்பாடு. வேல முடியட்டும், வர்றேன். வூடு எப்படி இருக்குது?"

"கொஞ்சம் தகரம் போச்சு. பாத்துக்கலாம்."

அவன் எப்போதும் அப்படித்தான் சொல்வான். அவளும் எப்போதும் அதை நம்பிக்கொள்வாள், வசதியாக இருக்கும் என்பதால்.

வேலை நடந்த விதம் இது. ஊர்மிளா படிவமும் பீய்ச்சி அடிக்கும் இரண்டு வண்ண டப்பாக்களுமாக முன்னால் போவாள். தகுதியான வீட்டுச் சுவரில் பச்சை வட்டம், இல்லாத வீட்டில் சிவப்புப் பெருக்கல் குறி. பின்னால் லாரியில் வரும் தச்சர்கள் குறியைப் பார்ப்பார்கள். பச்சை இருந்தால் இறங்கி ஏணியைச் சாத்துவார்கள், சிவப்பு இருந்தால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். பேச்சுவார்த்தையே கிடையாது. நாலு நாளில் இருபத்து நாலு வட்டம் போட்டாள், ஆறு சிவப்பும் போட்டாள். சிவப்புப் போட்ட வீடுகளில் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வந்துவிடுவாள்.

ஏழாவது சிவப்பு அங்கம்மாவுடையது. எழுபது வயது தாண்டிய கிழவி, அப்பாவின் காலத்திலிருந்தே பழக்கம். நீலப் படுதாவுக்கு அடியில் அடுப்பு மூட்டி எலுமிச்சைப்புல் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். கூரை என்று ஒன்றும் இல்லை.

"யாரு, ராமசாமி பொண்ணா? டீச்சரா? தகரம் குடுக்குறீங்களாமே."

"ஆமா அத்தே. பத்திரம் இருக்குதா?"

பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து நீட்டினாள். அதில் அவள் மகன் ரவீந்திராவின் பெயர் இருந்தது.

"ரவீந்திரா எங்க இருக்கான் அத்தே?"

"சிட்னில டாக்சி ஓட்டுறான். தீபாவளிக்கு வர்றேன்னு சொல்லிட்டுப் போனான்."

"எந்தத் தீபாவளிக்கு?"

"அது சொல்லல," என்றாள் அங்கம்மா.

ஊர்மிளா எழுதினாள். பத்திரத்தில் உள்ள பெயர், ரவீந்திரா. இந்த வீட்டில் குடியிருக்கிறாரா, இல்லை. எங்கே இருக்கிறார், சிட்னி. எழுதிவிட்டுச் சுவரில் சிவப்பை அடித்தாள். அங்கம்மா பக்கத்தில் வந்து நின்று அதைப் பார்த்தாள்.

"செவப்பு போட்டிருக்கியே. மாரியாத்தா நெறம். நல்லதுதானே கண்ணு?"

உண்மையைச் சொல்ல ஊர்மிளாவுக்கு வாய் வரவில்லை. "நல்லதுதான் அத்தே," என்றாள். தேநீரையும் வாங்கிக் குடித்தாள்.

குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. நாலு நாளாக முப்பது வீட்டுப் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவள், தன் அப்பன் வீட்டுப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. மறதி என்று சொல்ல முடியாது. வெளிநாட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் என்று அவள் கூட்டத்தில் பேசியதெல்லாம் மற்றவர்களைப் பற்றி. ஊரை விட்டுப் போனவள் என்று அவள் தன்னை எண்ணியதே இல்லை. கொஞ்ச நாள் வெளியே இருக்கிறவள், அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நாள் பதினைந்து வருஷமாகியிருந்தது. தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானமே தவுவா கடைத்தெருவுக்குப் போய்க் கூரைத் தகரம் விசாரித்தாள். என் சொந்தக் காசில் வாங்கிப் போட்டுவிடுகிறேன், யாருக்கு என்ன என்று நினைத்தாள். எந்தக் கடையிலும் ஒரு தகரம் இல்லை. நாடு முழுக்கக் கூரை போயிருக்கிறது, இனி வருவதெல்லாம் ஜூலைக்கு மேல்தான் என்றார்கள்.

மறுநாள் காலையில் சிவன் வீட்டுக்குப் போனாள். குழுத்தலைவர் யோகேந்திராவும் கூட வந்தார். ராக்கிராக்கியில் பிறந்து ஆக்லாந்தில் வீடு கட்டித் தரும் தொழில் செய்கிறவர், தமிழ் தெரியாது, இந்தியில் பேசுவார்.  கூடம், சமையல்கட்டு, சிவனும் மனைவி கமலாவும் படுக்கும் அறை, மகளின் அறை எல்லாவற்றுக்கும் மேலே ஆகாசம். சுவரில் ஈரம் ஏறிப் பாசி பிடித்திருந்தது. முற்றத்தில் யாரோ நிவாரணத்தில் கொடுத்த கூடாரம். இரண்டு மாசமாக மூன்று பேரும் அதற்குள்தான் இருந்தார்கள். கோடியில் ஒரே ஒரு அறைக்கு மட்டும் தகரம் அப்படியே இருந்தது. கூரையைச் சுற்றிக் கம்பி போட்டு இழுத்து, நாலு மூலையிலும் தரையில் முளை அடித்துக் கட்டியிருந்தான். அது ஊர்மிளாவின் அறை.

"கம்பி அவ்ளோதான் இருந்திச்சு," என்றான் சிவன். "உன் சாமான் அல்லாம் அங்கதானே கீது. துஃபான் அடிச்ச அன்னிக்கு உன் கட்டிலுக்கு அடியிலதான் மூணு பேரும் கெடந்தோம்."

கதவைத் திறந்து காட்டினான். இரும்புப் பெட்டி, அவள் பாடம் நடத்திய காலத்துப் புத்தகங்கள், அம்மாவின் படம். கட்டிலில் மடிப்புக் கலையாத புது விரிப்பு. புயலுக்குப் பிறகும் ஏன் இங்கேயே படுக்கவில்லை என்று ஊர்மிளா கேட்டாள். அதற்குக் கமலாதான் பதில் சொன்னாள், இந்தியில், ஊர்மிளாவின் முகத்தைப் பார்க்காமல். நான் இவரோடு தினமும் சண்டை போடுகிறேன், அக்கா வந்தால் எங்கே படுப்பார்கள் என்கிறார், மழையில் அடுப்பு அணைந்து அணைந்து போகிறது, உங்கள் அறைத் தகரத்தையாவது கழற்றிச் சமையல்கட்டுக்குப் போடுங்கள் என்றால் கேட்பதில்லை என்றாள். சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குள் போய்விட்டாள். ஊர்மிளா ஏழு நாளாகப் பள்ளிக்கூடத்து மேசைகளை ஒட்டிப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சிவன் பால்மாவு டப்பா ஒன்றைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தான். பத்திரம் நாலாக மடித்து உள்ளே இருந்தது.

"ஒரு சொட்டு தண்ணி படல," என்று அவளிடம் கொடுத்தான். அவன் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஊர்மிளா யோகேந்திராவைத் தனியாக அழைத்துப் போனாள். இந்த விதியை மாற்ற முடியாதா என்று கேட்டாள். அவர் கோபப்படவில்லை. மாற்றலாம் டீச்சர், நீங்கள் போட்டதுதானே என்றார். ஆனால் மாற்றினால் முதலில் அந்த ஏழு வீட்டுக்கும் போய்ச் சிவப்பை அழிக்க வேண்டும், லாரியில் மிச்சம் இருப்பது இரண்டு வீட்டுத் தகரம், எந்த இரண்டு என்று நீங்களே சொல்லுங்கள் என்றார். நாளைக்கே தம்பி பெயருக்கு மாற்றி எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். நிலக்காரர்கள் சம்மதித்துக் காகிதம் வர ஆறு மாசம் ஆகும், நாம் சனிக்கிழமை விமானம் ஏறுகிறோம் என்றார் அவர். வேறு குழு யாராவது வருவார்களா என்று கேட்டாள். தெரியாது என்றார்.

அவள் திரும்பி வந்து வாசல்படியில் உட்கார்ந்து படிவத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பத்திரத்தில் உள்ள பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். அடுத்தது நாலாவது கேள்வி. பேனாவைத் தூக்கிக்கொண்டு தம்பியைப் பார்த்தாள்.

"நான் இங்கதான் குடியிருக்கேன்னு எழுதிடுறேன் சிவா. யாரு வந்து பாக்கப்போறா."

படிவத்தில் பேனா நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு யோகேந்திரா திரும்பிக்கொண்டு கரும்பு வயலைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் எதையும் கேட்கப்போவதில்லை என்பது தெரிந்தது.

"அங்கம்மா அத்தே அந்தச் செவப்புக்குக் கற்பூரம் காட்டிட்டு கீது," என்றான் சிவன். "எல்லார்கிட்டயும் சொல்லிட்டு கீது, டீச்சர் குறி போட்டுட்டா, தகரம் வந்துடும்னு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் பக்கத்தில் வந்து குந்தினான்.

"டீக், சரி. எழுதறதுன்னா எழுது. எப்ப வர்றே?"

"என்னடா?"

"இங்கதான் இருக்கேன்னு எழுதப்போறியே. எப்ப வர்றேன்னு கேக்கறேன். தகரத்துக்காகக் கேக்கல."

பதினைந்து வருஷத்தில் அவன் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளிடம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருந்தது: ரிட்டயர் ஆனதும் வந்துவிடுவேன். டெலிபோனில் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். ஆக்லாந்தில் பெரிய மகனுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. பிஜேந்திராவுக்குச் சிறுநீரகத்துக்கு வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி. அவளுக்கே முழங்காலில் வலி. இதெல்லாம் இல்லாவிட்டாலும் வரமாட்டாள் என்பது அந்தப் படியில் உட்கார்ந்திருக்கும்போது அவளுக்குத் தெரிந்தது. எப்போதோ தெரிந்ததுதான். அவனுக்கு மட்டும்தான் சொல்லவில்லை. 

"வரமாட்டேன்டா," என்றாள்.

 சிவன் ஒரு புல்லைப் பிடுங்கினான்.

"அப்ப இல்லன்னு எழுதிடு."

எழுதினாள். எங்கே இருக்கிறார் என்ற இடத்தில் ஆக்லாந்து என்று எழுதினாள். எழுந்து சிவப்பு டப்பாவைக் குலுக்கினாள், ஆனால் விரல் அழுத்தவில்லை. சின்ன வயதில் அவளும் சிவனும் சேர்ந்து சுண்ணாம்பு அடித்த சுவர் அது. அப்படியே நின்றாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

"போடுக்கா," என்றான் சிவன். "உன் வூடுதானே."

அதில் குத்தல் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் குறியைப் போட்டாள்.

அவன் அதை நின்று பார்க்கவில்லை. அறைக்குள் போய் இரும்புப் பெட்டியைத் தூக்கிவந்து கூடாரத்தின் ஓரமாக வைத்தான். புத்தகங்களைக் கட்டாகக் கட்டி அதன்மேல் வைத்தான். அம்மாவின் படத்தைக் கமலாவிடம் கொடுத்தான். பிறகு சுவரோரம் கிடந்த ஏணியை எடுத்துவந்து அக்காவின் அறைச் சுவரில் சாத்தினான். முளைகளைச் சுற்றியிருந்த கம்பியை ஒவ்வொன்றாகப் பிரித்தான். இறுக்கமாகக் கட்டியிருந்ததால் நேரம் பிடித்தது.

"பன்னெண்டு தகரம் கீது," என்றான் கமலாவைப் பார்த்து. இந்தியிலும் அதையே ஒரு தடவை சொன்னான். "ஆறு சமையல்கட்டுக்கு. ஆறு பொண்ணு ரூமுக்கு."

 கமலா ஆணியைப் போட்டுவைக்க ஒரு கிண்ணம் எடுத்துவந்தாள்.

சிவன் ஏறினான். ஏணியின் ஒரு கால் மண்ணில் சரியாக நிற்காமல் ஆடியது. ஊர்மிளா படிவத்தைப் படியில் வைத்துவிட்டு வந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். மேலே ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று கிண்ணத்தில் விழுந்தன. முதல் தகரம் பெயர்ந்தபோது கட்டிலின் புது விரிப்பின் மேல் வெயில் விழுந்ததைத் திறந்திருந்த கதவு வழியே பார்த்தாள்.

"கெட்டியாப் புடிச்சுக்கோக்கா," என்று மேலேயிருந்து சொன்னான். "அல்லாத்தையும் எறக்கிடறேன்."

அவள் பிடித்துக்கொண்டு நின்றாள்.